கெண்டைக்காலில் உறங்குபவை

கெண்டைக்கால் தசை கிழியும்போது, பின்னாலிருந்து யாரோ கல்லால் அடித்த மாதிரி இருக்கும். நானும் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை, ஓடிப் பிடிக்க நினைத்த பேருந்தும் போய்விட்டது. பக்கத்து வீட்டு அக்கா, சுளுக்கு எடுக்கிற ஆள் ஒருவரைத் தெரியும், எண்ணெய் போட்டு நீவிவிடுவார் என்றார். பிசியோதெரபி பார்க்கும் பெண் பதறிவிட்டார். "நீவவே கூடாது சார், உள்ளே ரத்தம் கட்டியிருக்கு. கொஞ்ச நாள் காலைச் சும்மா விடுங்க, அதுவே பார்த்துக்கும்."

எது பார்த்துக்கொள்ளும்? காலை நீட்டிப் படுத்திருந்தவனுக்குத் தேடிப் படிக்க நேரம் நிறைய இருந்தது.

1961இல், நியூயார்க் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் அலெக்சாண்டர் மௌரோ என்பவர் தவளையின் கால் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். தசையிழைக்கும் அதன் மேலுறைக்கும் இடையிலான இடுக்கில் சின்னஞ்சிறு செல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஏறக்குறைய முழுவதும் உட்கருதான். சுற்றிலும் சைட்டோபிளாசம் பெயருக்குத்தான். வேலை எதுவும் செய்வதாகத் தெரியவில்லை. சாட்டிலைட் செல் என்று பெயர் வைத்தார். இழை சேதமானால் இவை எழுந்து புதிதாகக் கட்டுமோ என்ற ஊகத்தை அந்த 3 பக்கக் கட்டுரையிலேயே எழுதியும் வைத்தார். ஊகம் பலித்தது. இந்தச் செல்களை நீக்கிவிட்ட எலிகளில், காயம்பட்ட தசை திரும்ப வளரவில்லை.

காயம் பட்டதும் விழிக்கின்றன, பெருகுகின்றன, ஒன்றோடொன்று இணைந்து இழையாகின்றன. இந்த விழிப்புதான் அதிசயம் என்று முதலில் நினைத்தேன். படிக்கப் படிக்க, அதற்கு முந்தைய தூக்கம்தான் என்னை அதிகம் இழுத்தது. அது சும்மா கிடப்பதல்ல. தசையிழையிலிருந்து 'நாட்ச்' என்ற சமிக்ஞை ஓயாமல் வந்து அவற்றை உறங்க வைக்கிறது. எலிகளில் அதைத் துண்டித்தபோது, காயமே இல்லாமல் செல்கள் விழித்துத் தசையோடு கரைந்து, கையிருப்பு தீர்ந்தது. பிறகு காயம் வந்தால் எழுவதற்கு ஆளில்லை. வேலை முடிந்தபின் சில செல்கள் பழைய இடுக்குக்கே திரும்பிப் படுத்துக்கொள்வதும் இதனால்தான் முக்கியம்.

தூக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்குப் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தார் 2012இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். இறந்து 17 நாளான மனித உடலிலிருந்து எடுத்த தசையில் இந்தச் செல்கள் உயிரோடு இருந்தன. ஆய்வகத்தில் வளர்த்தபோது தசைச் செல்களாக மாறின. ஆள் போய்ப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருக்கும்!

முழுத் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே அரைத்தூக்கமும் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் தாமஸ் ராண்டோவின் குழு, எலியின் ஒரு காலில் காயம் ஏற்படுத்தி, மறு காலைப் பார்த்தது. அங்கிருந்த செல்கள் சற்றுப் பருத்து, எப்போது வேண்டுமானாலும் பிரியத் தயாராக இருந்தன. 2014இல் வந்தது இந்தச் செய்தி. எலிக் கணக்கு மனிதனுக்குச் செல்லுமோ என்னவோ, கிழியாத என் வலது காலை அன்றிலிருந்து கொஞ்சம் மரியாதையோடு பார்க்கிறேன்.

வயதானால் இந்தத் தூக்கம் கெடுகிறது. கிழட்டு எலிகளின் தசையிழை அதிகமாகச் சுரக்கும் ஒரு வளர்ச்சிக் காரணி, உறங்க வேண்டியவற்றை உலுக்கிக்கொண்டே இருக்கிறது, இருப்பு குறைகிறது. டுஷென் தசைச்சிதைவு உள்ள சிறுவர்களின் நிலை இன்னும் கொடுமை. டிஸ்ட்ரோபின் என்ற புரதம் இல்லாததால், சாதாரண நடையிலேயே இழைகள் கிழிகின்றன. தினம் சேதம், தினம் அழைப்பு. ஒரு கட்டத்தில் சீரமைப்பு பின்தங்கி, தசை இருந்த இடத்தைக் கொழுப்பும் தழும்பும் பிடித்துக்கொள்கின்றன. பலர் பதின்ம வயதிலேயே சக்கர நாற்காலிக்கு வந்துவிடுகிறார்கள். இப்போது அவர்களுக்கென வந்திருக்கும் மரபணு மருந்துகள் பலவும் டிஸ்ட்ரோபினைக் குறுகிய வடிவிலாவது தசைக்குள் கொண்டுவரப் பார்க்கின்றன: கிழிசல் குறைந்தால், அழைப்பும் குறையும்.