பேச்சு தெளிந்தால்தான் வேலை முடிந்தது

ரேடியோ மெக்கானிக்கைப் பாட்டு ஏமாற்றிவிடும், பேச்சு ஏமாற்றாது. நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்து முழங்கும்போது பெட்டியின் குறை அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஒருவர் தனியாகப் பேசும்போது ஒளிய இடமே கிடையாது. கம்மாபுரத்தில் வால்வு ரேடியோக்களோடு உட்கார்ந்து நான் கற்ற தொழிலின் சாரம் இவ்வளவுதான்.

எனக்கு வாய்த்த சோதனைக் கருவிகள் அறிவிப்பாளர்களின் குரல்கள். டெல்லியிலிருந்து தமிழில் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசாமியின் கம்பீரமான குரலில், ஸ்பீக்கர் கூம்பு உரசினாலும் ஃபில்டர் கண்டென்சர் வற்றி 'ம்ம்' என்று இரைந்தாலும் உடனே தெரியும். இலங்கை வானொலியின் கே.எஸ். ராஜா மடமடவென்று பேசுவார். அவர் பேச்சில் ஒரு சொல் அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டால் காயில்களைத் திரும்ப அலைன் செய்ய வேண்டும் என்று பொருள்.

பேச்சுத் தெளிவை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. திருச்சி வானொலி 1939 மே 16-இல் தொடங்கியது. 1960-களில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் ரகத்தை அது தஞ்சை விவசாயிகளிடம் ஓயாமல் எடுத்துச் சொன்னது. ஜனங்கள் அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஏக்கருக்கு எத்தனை கிலோ உரம், எந்தப் பருவத்தில் விதைப்பு என்பதையெல்லாம் காதால் கேட்டு வயலில் இறங்கிய காலம் அது. அந்த எண் இரைச்சலில் மூழ்கினால் நட்டம் விவசாயிக்கு. நிலையத்தில் எவ்வளவு அழகாகப் பேசினாலும், ஒலிபரப்பு முடிகிற இடம் கேட்கிறவர் வீட்டுப் பெட்டிதான்.

பெட்டிக்குள் நடப்பதைச் சொல்கிறேன். எந்த நிலையத்தைத் திருப்பினாலும் ரேடியோ அதை ஒரே அலைவரிசைக்கு மாற்றிக்கொள்ளும். பெரும்பாலான பெட்டிகளில் அது 455 கிலோ ஹெர்ட்ஸ். திருச்சியின் 936-ஐ வைத்தால் உள்ளே இருக்கும் ஆசிலேட்டர் 1391-இல் ஓட வேண்டும், கழித்தால் 455. இந்த 455-க்கான ஐ.எஃப். காயில்களைக் கடைசியிலிருந்து முன்னோக்கி ஒவ்வொன்றாகத் திருப்புவேன். இரும்பு ஸ்குரூடிரைவர் கிட்டே போனாலே அலைவரிசை நகர்ந்துவிடும் என்பதால் எபோனைட் குச்சிதான். பிறகு டயலின் கீழ்முனைக்குக் காயில் கோர், மேல்முனைக்கு டிரிம்மர். ஒன்றைத் தொட்டால் மற்றது விலகும். இரண்டும் நிலைக்கும் வரை மாறி மாறிப் பார்க்கப் பொறுமை வேண்டும்.

பழைய பெட்டிகளில் அடிக்கடி வரும் நோய் பேப்பர் கண்டென்சரின் கசிவு. ஈரம் ஏறி ஏறி அது உள்ளுக்குள் கெட்டுப்போயிருக்கும். போட்டவுடன் நன்றாகப் பாடும். சூடேறிய பிறகு குரல் தடித்து, அவுட்புட் வால்வின் தகடு சிவக்கத் தொடங்கும். வால்வை மாற்றிப் பயனில்லை. அதன் கிரிட்டுக்குப் போகும் கப்ளிங் கண்டென்சரின் கிரிட் பக்கக் காலைக் கழற்றி, கழன்ற நுனியில் மீட்டரை வையுங்கள். டி.சி. வோல்டேஜ் துளியும் காட்டக் கூடாது. காட்டினால் குற்றவாளி அதுதான்.

கம்மாபுரத்துக்குப் பக்கத்திலுள்ள நெய்வேலியைச் சுற்றி ஹை டென்ஷன் லைன்கள் நிறைய. மத்திய அலையில் அவற்றின் கொரகொரப்பு புகும். ஏரியலை லைனுக்குக் குறுக்காக, வீட்டு ஒயரிங்கிலிருந்து தள்ளிக் கட்டி, எர்த் குழியை ஈரமாக வைத்தால் பெரும்பாலும் அடங்கும். சூரியன் இறங்கியதும் வானத்தின் மேலடுக்கு மத்திய அலைகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கும். பகலில் எட்டாத தூர நிலையங்கள் வந்து சேரும். நல்ல பெட்டிக்குப் பரீட்சை நேரமே இரவுதான்.

உங்கள் வீட்டுப் பரணில் மர்ஃபியோ பிலிப்ஸோ கிடந்தால் நேராகப் பிளக்கில் சொருகாதீர்கள். 60 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரியலில் போட்டுக் கொடுங்கள். ஒரு கணம் பிரகாசித்து மங்கினால் நம்பிக்கை உண்டு. முழு வெளிச்சத்தோடு நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். உடனே அணைத்துவிட்டுத் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். உள்ளே 250 வோல்டுக்கும் மேல் ஓடும். அதில் விளையாட்டு வேண்டாம். சரிசெய்து வாங்கும்போது பாட்டு வைத்துக் காட்டினால் போதாது, செய்தி வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.