ஏழு சுற்றுக் கோட்டை

சென்ற ஆனி மாதத்து மழை நாட்களில் எங்கள் இல்லத்தில் நிகழ்ந்ததொன்றை நம் குடும்பங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

நாங்கள் வாழ்வது, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரில். இங்கே கடைத்தெருவிலும் பள்ளியிலும் இந்தியே பொதுமொழி. என் பத்து வயது மகன் ஒருநாள் விருந்தினர் முன்னிலையில் தமிழைப் பிழையாகப் பேசினான். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அன்றுமுதல் அவன் தமிழ் பேசவில்லை. இராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்திருந்த அப்பத்தாவோ தமிழன்றி வேறு மொழி அறியார். ஒரே கூரையின்கீழ் இருவரும் ஊமைகளாயினர்.

அப்போது சென்னையிலுள்ள என் தம்பி ஒரு விளையாட்டுப் புத்தகம் அனுப்பினான். ஜிம் ஹென்சன் இயக்கி 1986-இல் வெளிவந்த 'லாபிரிந்த்' என்னும் மாயக்கதைப் படத்தைத் தழுவி, 2019-இல் வெளியானது அது. அழும் தம்பிமேல் சினங்கொண்ட ஸாரா, பூதங்கள் அவனைக் கொண்டுபோகட்டும் என்கிறாள்; பூத அரசன் அவ்வாறே கவர்ந்துசெல்கிறான். 13 மணி நேரத்துக்குள் சுழல்வழிகளைக் கடந்து கோட்டையை அடைந்தால் குழந்தை மீளும். வாய் தவறிய ஒரு சொல்லுக்கு அத்தனை அலைச்சல்!

ஆடும் முறை எளிது. ஒருவர் கதை சொல்லி, "இப்போது என்ன செய்வாய்?" என்று கேட்பார், மற்றவர்கள் தத்தம் பாத்திரமாகவே நின்று விடை சொல்லவேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு திறமை, ஒரு குறை. செயல் கடினமானால் பகடை உருட்டவேண்டும். திறமை துணைநின்றால் இரண்டு உருட்டிப் பெரிய எண்ணைக் கொள்ளலாம்; குறை குறுக்கிட்டால் சிறிய எண்தான்.

"நம்ம ஏழு சுற்றுக் கோட்டைதானே!" என்று அப்பத்தா வந்தமர்ந்தார். 'வழி தெரியாதவள்' என்பதைத் தம் குறையாகக் கொண்டார். அரசன் எதைப் பறித்தான் என்று இருவரையும் கேட்டேன். "என் வெற்றிலைப் பெட்டி" என்றார் அப்பத்தா. மகன் நெடுநேரம் பேசாதிருந்து, பிறகு இந்தியில், "என் தமிழ்" என்றான். நான் தலைகுனிந்தேன்.

இரண்டு வழிகள் பிரியுமிடத்தில் அப்பத்தா திகைத்து நின்றார். பொறுக்கமாட்டாமல் மகன், "அப்பத்தா, அங்கே வேண்டாம், நான் பக்கம் வாங்க!" என்றான். அப்பத்தா திருத்தவில்லை, "வர்றேன்யா" என்று அவன் காட்டிய பக்கமே திரும்பினார். நானும் சிரிக்கவில்லை.

அன்றிரவு நாங்கள் கோட்டையை எட்டவில்லை. மறுநாள் மாலை பகடையை எடுத்துவந்தவன் அவனே. நம் பிள்ளைகளின் தமிழில் பிழையிருக்கலாம், நேயர்களே. நம் சிரிப்பு அதனினும் பெரும்பிழை.