மைனஸில் நிற்கும் முள்

ஆம்பியர் மீட்டர் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. இந்தக் காலத்து வண்டிகளில் இருக்கும் சிவப்பு பேட்டரி விளக்குக்கு எரிவது, அணைவது என்று இரண்டே பேச்சு. முள் வைத்த பழைய மீட்டர் அப்படியில்லை. மின்சாரம் பேட்டரிக்குள் போகிறதா, அங்கிருந்து வெளியே ஓடுகிறதா, எவ்வளவு வேகத்தில் என்று விவரமாகச் சொல்லும். ஆலங்காயத்தில் நான் பார்த்த டிராக்டரில் அந்த முள் மைனஸ் பக்கமே சாய்ந்து நின்றது. இன்ஜினை எவ்வளவு முறுக்கினாலும் நடுக்கோட்டைத் தாண்டவில்லை.

உழுது ஓய்ந்த வண்டி அது. பின்பக்கம் கம்ப்ரசர் ஏற்றி, கிணறு வெட்டப் பாறையில் துளை போடும் வண்டியாக மாற்றியிருந்தார்கள். ஜவ்வாது மலையடிவாரத்தில் கொஞ்சம் மண்ணைத் தள்ளினால் பாறைதான், அதனால் உழவுக்கு வேலை இல்லாத மாதங்களிலும் இதற்கு வேலை இருக்கும். ஆனால் சார்ஜ் ஏறாவிட்டால் மறுநாள் காலை செல்ஃப் எடுக்காது. கம்ப்ரசர் சுமந்த டிராக்டரைக் கிணற்று மேட்டில் ஆள் வைத்துத் தள்ள முடியாது. ஓட்டுநர் தினமும் சாயங்காலம் சரிவு தேடி நிறுத்தி, காலையில் உருட்டி ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார். ராத்திரியில் ஹெட்லைட்டும் கிடையாது. பக்கத்தில் காவலூர். அங்கே 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கியை வைத்து இருட்டுக்குக் காவல் இருக்கும் வானியலாளர்களுக்கு இதைவிடப் பிடித்த வண்டி இருக்க முடியாது.

"டைனமோவத் தூக்கிப் போட்டுட்டு ஆல்டர்நேட்டர் மாட்டு நைனா" என்பதுதான் எல்லோர் வாயிலும் வந்த வைத்தியம். எனக்கு அது எரிச்சல். ஆல்டர்நேட்டர் நல்ல பொருள், இன்ஜின் மெதுவாக ஓடும்போதும் சார்ஜ் தரும், மறுக்கவில்லை. ஆனால் நோய் என்ன என்று பார்க்காமலே உறுப்பை மாற்றச் சொல்வது என்ன பழக்கம்? நல்ல வேளையாக, அன்று வந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் என் கட்சி. பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார், பிறகு டைனமோவின் இரண்டு ஒயரையும் கழற்றி, அந்த இரண்டு முனையையும் ஒரு செம்புக் கம்பியால் சேர்த்துக் கட்டினார். மீட்டரின் ஒரு நுனியை அந்தக் கம்பியிலும் மறு நுனியை டைனமோவின் உடம்பிலும் வைத்து, இன்ஜினை மெல்ல ஏற்றச் சொன்னார். வோல்ட் கடகடவென்று ஏறியது.

டைனமோவில் நான் எப்போதும் அதிசயிக்கும் இடம் இதுதான். வேலை செய்து ஓய்ந்த இரும்பில் கொஞ்சம் காந்தம் மிச்சம் இருக்கும். அதைக் கொண்டு முதலில் ஒன்றிரண்டு வோல்ட்தான் பிறக்கிறது. அந்தச் சொற்பம் ஃபீல்ட் சுருளுக்குப் போய்க் காந்தத்தைக் கூட்ட, கூடிய காந்தம் இன்னும் வோல்ட் தர, கந்துவட்டிக் கணக்காய் ஏறுகிறது. 1867இல் சீமன்ஸ் பெர்லினில் விளக்கிக் காட்டியது இந்த வித்தையைத்தான்.

ஆக டைனமோ நலம். ஒயர்களைப் பழையபடி மாட்டிவிட்டு, மீட்டரை டைனமோ உடம்புக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் நடுவே வைத்தார். இன்ஜின் ஓடும்போது அங்கே ஏறக்குறைய சைபர் காட்ட வேண்டும். இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கம்ப்ரசர் ஏற்றியபோது அழகுக்காக டைனமோ பிராக்கெட்டுக்கும் நாலு பக்கமும் பெயின்ட் அடித்து மாட்டியிருக்கிறார்கள். போல்ட்டில் துரு வேறு. எர்த் இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கூடவே தனியாக ஒரு எர்த் ஒயரும் கொடுத்ததும் முள் பிளஸுக்கு வந்தது.

அந்த வண்டி வெட்டிக்கொண்டிருந்த கிணற்றை எட்டிப் பார்த்தபோது எனக்கு ஆல்ஃபிரட் சாட்டர்டன் நினைவு வந்தது. கிணறு, இன்ஜின், தோல் மூன்றிலும் கை வைத்த மனிதர் இந்த மாகாணத்தில் அவரைப் போல் இன்னொருவர் இல்லை. சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தவர். கலைத்தொழில் பள்ளியில் 1898இல் அலுமினியப் பாத்திரம் செய்யவைத்தார். கிணறுகளில் ஆயில் இன்ஜின் வைத்து நீர் இறைக்கலாம் என்று விவசாயிகளுக்கு ஓட்டிக் காட்டினார். 1903 வாக்கில் க்ரோம் பதனிடலில் இறங்கினார். எதற்காக என்பதுதான் எனக்கு ருசி. செருப்புக்கோ சூட்கேஸுக்கோ அல்ல, கவலைக்காக. மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலையில், தண்ணீர் மொள்ளும் சாலின் அடியில் தோல் வால் உண்டு. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் ஓயாமல் நனைந்தால் சாரம் கரைந்து இற்றுப்போகும். க்ரோம் தோல் தண்ணீருக்கு அசையாது. தண்ணீர் இறைக்கும் குடியானவனுக்கு நீடித்து உழைக்கும் தோல் கொடுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

அரசாங்கம் தொழில் நடத்துவதா என்று வெள்ளைக்கார வியாபாரிகள் கூச்சலிட்டார்கள். 1910இல் லண்டனிலிருந்து இந்திய விவகார அமைச்சர் மார்லி பிரபு அவர்கள் பக்கம் சாய்ந்தார். கவலைகளும் பின்னாளில் பம்புசெட்டுக்கு இடம் விட்டன. க்ரோம் மட்டும் தங்கிவிட்டது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று பாலாற்றங்கரை முழுக்கப் பரவிச் சோறு போட்டது, கிணறுகளையும் கெடுத்தது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று சொன்னது இந்த வட்டாரத்து வழக்கில்தான். 2025 ஜனவரியில் அந்த நீதிமன்றமே மறுபடியும் அதே தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. கிணற்றுக்கு உதவட்டும் என்று இங்கே கொண்டுவந்த சரக்கு போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்தால் சாட்டர்டன் தலையில் கைவைத்திருப்பார்.

இதையெல்லாம் நான் விஸ்தாரமாகச் சொல்ல, டிராக்டர்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"எங்க தாத்தா கவலை ஓட்டுனவருதான் சார். தோலுக்கு வெளக்கெண்ண தடவித் தடவி வெப்பாரு. நாய் வந்து கடிச்சிட்டுப் பூடும். அந்த க்ரோம் தோல நாய் கடிக்காதா?"

சாட்டர்டன் அதையும் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும்.