சீரொளியும் விழிப்படலமும்

'லேசர்' என்னும் சொல்லுக்குத் தமிழில் 'சீரொளி' எனப் பெயர் சூட்டியவர் எவராயினும், அவர் யாப்பின் சுவை அறிந்தவராகவே இருத்தல் வேண்டும். விளக்கின் ஒளியில் அலைகள் ஜாம்பஜாரில் மாலை வேளையிற் கூடும் மக்களைப் போலத் தத்தம் போக்கில் முட்டி மோதிச் செல்கின்றன. சீரொளியிலோ, பள்ளிவாசலில் தொழுகைக்கு அணிவகுத்து நிற்போரைப் போல எல்லா அலைகளும் தோளோடு தோள் சேர்ந்து, ஒருங்கே எழுந்து ஒருங்கே தாழ்கின்றன. சீர் தப்பாமையே அதன் வலிமை. இயற்பியல் கற்பிக்கும் ஒருவன் தமிழ்த்துறை மலரில் எழுதத் துணிவதற்கு இந்த ஒரு சொல்லே போதுமான அனுமதிச்சீட்டு எனக் கருதுகின்றேன்.

திருவல்லிக்கேணியில் வாழ்வோர்க்கு அறிவுலகப் பெருமை பேசச் செய்திகள் பல உண்டு. கணித மேதை இராமானுசன் குடியிருந்த தெரு இங்கே உள்ளது. வானியற்பியலில் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் பயின்ற இந்து உயர்நிலைப் பள்ளியும் இங்கேதான். சேப்பாக்கத்தில் நடந்து சென்றால் சர் சி.வி. இராமன் பயின்ற மாநிலக் கல்லூரி. இவற்றை நம் மாணவர் பலர் அறிவர். ஆனால் இதே கடற்கரையோரப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தைப் பெற்றுச் சென்ற மற்றொருவரின் பெயரை வகுப்பிற் கேட்டால் விடை வருவதில்லை. அவர் பெயர் ரங்கசாமி சீனிவாசன்.

1929இல் சென்னையிற் பிறந்த சீனிவாசன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1949இல் இளம் அறிவியற் பட்டமும் 1950இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். 1953இல் அமெரிக்கா சென்று, 1956இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இயற்பிய வேதியியலில் முனைவரானார். 1961 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். கணிப்பொறி செய்யும் நிறுவனத்தில் இவருக்கு என்ன வேலை என்று வினவலாம். மின்னணுப் பொருள்களுக்குரிய பிளாஸ்டிக் படலங்களில் நுண்ணிய கோடுகளைப் பொறிக்கும் வழிகளை ஆராய்வதே வேலை. அதற்கு அவர் கையாண்டது 'எக்சைமர்' எனப்படும் புற ஊதாச் சீரொளி. அதன் அலைநீளம் 193 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாதது.

1981ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் அமெரிக்கர்கள் நன்றித் திருநாள் கொண்டாடினர். அந்நாளில் வான்கோழி விருந்து மரபு. விருந்தில் எஞ்சிய இறைச்சித் துண்டினைச் சீனிவாசன் மறுநாள் ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவந்தார். அவரும் உடனுழைத்த ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோரும் அதன்மீது அப்புற ஊதாச் சீரொளியைச் செலுத்திப் பார்த்தனர். 532 நானோமீட்டர் கொண்ட பச்சைச் சீரொளியையும் செலுத்தினர். பச்சை ஒளி பட்ட இடம் கருகியது. புற ஊதா ஒளி பட்ட இடத்திலோ உளியால் செதுக்கியது போன்ற தூய பள்ளம். சுற்றிலும் சுட்ட வடு இல்லை!

காரணம் எளிது, எனினும் அழகியது. பச்சை ஒளியின் ஒரு துகள் சுமக்கும் ஆற்றல் 2.3 எலக்ட்ரான் வோல்ட். கரிம மூலக்கூறுகளைக் கட்டி வைத்திருக்கும் கார்பன் பிணைப்பொன்றை முறிக்க 3.6 எலக்ட்ரான் வோல்ட் அளவில் ஆற்றல் வேண்டும். ஆகவே பச்சை ஒளியால் பிணைப்பை நேரே முறிக்க இயலாது; சூடேற்றத்தான் இயலும். 193 நானோமீட்டர் ஒளித்துகளோ 6.4 எலக்ட்ரான் வோல்ட் சுமந்து வருகின்றது. அது பிணைப்பை நேரடியாக அறுக்கின்றது. அறுபட்ட துணுக்குகள் சூட்டையும் உடன் எடுத்துக்கொண்டு வெளியே பறந்துவிடுகின்றன. அவ்வொளி ஒரு மைக்ரானுக்கும் குறைந்த ஆழத்திலேயே உறிஞ்சப்படுவதால் அடியிலுள்ள திசு அறியாமலேயே மேலுள்ளது அகன்றுவிடுகின்றது. மயிரிழை ஒன்றில் படிக்கட்டுப் போல் இவர்கள் பொறித்துக் காட்டிய நுண்படம் உலகெங்கும் பரவிற்று.

1983இல் கண் மருத்துவர் ஸ்டீவன் டிரோக்கல் என்பவர் சீனிவாசனுடன் சேர்ந்தார். மாட்டின் கண்களில் அவர்கள் சோதனை செய்து, விழியின் முன்னுள்ள கார்னியாப் படலத்தை இவ்வொளியால் செதுக்கலாம் எனக் காட்டினர். 1988இல் ஐ.பி.எம். மூவர்க்கும் இதற்கான அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பெற்றது. இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பார்வையைத் திருத்திக்கொண்ட 'லேசிக்' மருத்துவம் இவ்வித்திலிருந்து கிளைத்ததே. சீனிவாசன் 2002இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் அவையில் இடம்பெற்றார். 2013இல் குடியரசுத் தலைவர் ஒபாமாவின் கையால் தொழில்நுட்பத்திற்கான தேசியப் பதக்கம் பெற்றார்.

கார்னியா என்னும் பெயரைப் பற்றி ஒரு சொல். அரபு மருத்துவ நூல்களில் அப்படலத்திற்குக் 'கர்னிய்யா' என்று பெயர். கொம்பு போன்றது என்பது பொருள். இலத்தீன் பெயரும் அதே பொருளுடையது. கி.பி. 965ஐ ஒட்டிப் பஸ்ராவிற் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம், தம் 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலில் கண்ணின் படலங்களையும் ஒளி விலகும் வகையையும் ஆராய்ந்தார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைத் தீண்டுவதே காட்சி என யூக்ளிடும் தாலமியும் கூறியதை அவர் மறுத்தார். வெஞ்சுடரை உற்று நோக்கினால் கண் வலிக்கின்றதே, புறத்திலிருந்து ஒன்று வந்து தாக்காமல் வலி எங்ஙனம் உண்டாகும் என்பது அவர் கேட்ட கேள்வி. நம் மேடைகளில் அவரைப் பெருமைக்காக மட்டும் நினைவுகூர்கின்றோம். அவர் தாலமியின்மீது கொண்ட ஐயங்களுக்கென்றே தனியொரு நூல் எழுதினார் என்பதை மறந்துவிடுகின்றோம். சான்றோர் சொல்லாயினும் சோதித்துப் பார் என்ற அந்தத் துணிவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

சீனிவாசன் குழுவினர் கத்தியைக் கண்டுபிடித்தனர் எனில், அக்கத்திக்கு வடிவம் கொடுத்த பணி ஒளிப் பொறியாளர்களுடையது. எக்சைமர் கருவியிலிருந்து வெளிவரும் கற்றை ஒழுங்கற்றது. ஒரு பக்கம் செறிந்தும் மறுபக்கம் நலிந்தும் நீள்சதுரமாக வரும். இதனை அப்படியே விழியிற் பாய்ச்சினால் மேடும் பள்ளமுமாகிவிடும். நம் திருமணங்களில் பண்டாரி பிரியாணிக்குத் தம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். தணலை அடியிலும் மூடியின்மீதும் வாரிச் சமமாகப் பரப்புவார். ஓரிடத்தில் குவிந்தால் அவ்விடம் அடிப்பிடிக்கும். ஒளிக்கும் அதே நுட்பந்தான். ஈயின் கண்போலச் சிறுசிறு வில்லைகள் பல அடுக்கிய தட்டின் வழியே கற்றையைச் செலுத்துவர். அது பல கூறுகளாகப் பிரியும். மற்றொரு வில்லை அக்கூறுகள் அனைத்தையும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழச் செய்யும். ஒன்றின் குறையை மற்றொன்றின் மிகுதி நிரப்ப, கற்றை சமன்படுகின்றது.

அதன்பின் அளவு. ஒரு துடிப்பு நான்கில் ஒரு பங்கு மைக்ரான் அளவே திசுவை அகற்றும். குறும்பார்வைக்கு நடுவில் ஆழமாகவும் விளிம்பில் மெலிதாகவும் செதுக்க வேண்டும். தொடக்கக் காலக் கருவிகளில் கண்மணிபோல விரியும் துளையொன்றை ஒளியின் பாதையில் வைத்தனர். துளை சிறிது சிறிதாக விரியும்போது நடுப்பகுதி எல்லாத் துடிப்புகளையும் பெறும். விளிம்பு கடைசித் துடிப்புகளை மட்டுமே பெறும். பின்னர் வந்த கருவிகளில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள புள்ளியொளி நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை தாவித் தாவிச் செதுக்குகின்றது. விழி அசைந்தால் கருவியும் உடன் அசைகின்றது. எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதற்கு மன்னர்லின் என்னும் ஒளிப் பொறியாளரும் உடனாய்வாளரும் 1988இல் எளிய வாய்பாடு தந்தனர். செதுக்கும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை மூன்றால் வகுத்து, கண்ணாடியின் டயாப்டர் அளவால் பெருக்கினால் ஆழம் மைக்ரானிற் கிடைக்கும்.

இவ்வாய்பாடு எனக்குப் பாடநூலினும் நெருக்கமானது. என் தமக்கையின் மகளுக்குச் சிறுவயது முதலே தடித்த கண்ணாடி. கணிதப் பட்டம் முடித்த ஆண்டில் நல்ல இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தனர். எல்லாம் பொருந்திற்று; கண்ணாடி ஒன்றுதான் அவர்களுக்கு மனக்குறை. 'லேசர் செய்துவிட்டால் நிக்காஹ் நாளைக் குறித்துவிடலாம்' என்று சொல்லியனுப்பினர். மணமகன் கண்ணாடி அணிந்திருந்தால் படித்தவர் என்கின்றோம். மணமகள் அணிந்திருந்தால் குறை என்கின்றோம். ஊர் வழக்கம் இது. பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். இதனைச் சொல்லாமல் என்னால் மேலே எழுத இயலவில்லை. தமக்கை தம் வளையல்களை விற்கவும் முற்பட்டார்.

மருத்துவமனையில் அளந்தனர். பார்வைக் குறை ஏழு டயாப்டர். படலத்தின் தடிப்பு 490 மைக்ரான். அவள் அன்றிரவே தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தாள். ஆறின் வர்க்கம் முப்பத்தாறு. மூன்றால் வகுக்கப் பன்னிரண்டு. ஏழால் பெருக்க 84. மேலே மடலாகத் தூக்கும் பகுதிக்கு 110. கழித்தால் மீதம் 296. "கீழே 250 இருந்தால் போதும் என்றுதானே சொல்கிறார்கள்? கணக்குச் சரியாக வருகிறதே, மாமா!" என்றாள். கணக்கு உண்மையில் சரியாகத்தான் இருந்தது.

ஆனால் மருத்துவர் மறுத்துவிட்டார். படலத்தின் மேடு பள்ளங்களை நிறம் நிறமாகக் காட்டும் வரைபடத்தில் கீழ்ப்பாதி இயல்பினும் செங்குத்தாக இருந்தது. இத்தகைய படலம் பிற்காலத்தில் கூம்பாகப் பிதுங்கக் கூடும். மெலிதாக்கினால் அவ்வாபத்து மிகும் என்று பொறுமையாக விளக்கினார். வாய்பாட்டில் தடிப்பு உண்டு, வலிமை இல்லை. அதுவே அவர் எங்களுக்குக் கற்பித்தது.

தமக்கை அத்துடன் விடவில்லை. வேறொரு மருத்துவமனை சலுகைக் கட்டணத்தில் அவ்வாரமே செய்து தருவதாகக் கூறிற்று. "தம்பி, நீ படித்தவன்தானே? ஒருவர் முடியாது என்கிறார், ஒருவர் முடியும் என்கிறார். முடியும் என்பவரிடம் போனால் என்ன?" என்றார். தாயின் கவலை அது, பழித்தற்குரியதன்று. இரண்டாமவர் அவ்வரைபடத்தைப் பார்த்தாரா என்று மட்டும் கேட்டேன். பார்க்கவில்லை. ஒளி எல்லா விழிகளுக்கும் ஒன்றே, விழிகள்தாம் ஒன்றல்ல. மூன்று நாள் வீட்டில் பேச்சில்லை. நான்காம் நாள், "உம்மா, வளையலைப் போட்டுக்கொள்ளுங்கள், எனக்குக் கண் வேண்டும்" என்று அவளே முடித்துவிட்டாள். அந்தச் சம்பந்தம் அமையவில்லை.

தகுதியுள்ள கண்ணுக்கு இது பெரும் அருட்கொடை. அதனை மறுப்பவனல்லன் நான். பதினெட்டு வயது நிறைந்து, கண்ணாடி அளவு ஓராண்டேனும் மாறாமல் நின்று, படலமும் திடமாக இருப்பின் அச்சமின்றிச் செய்துகொள்ளலாம். சிலருக்குக் கண் உலர்வு சில மாதங்கள் நீடிக்கும். நாற்பதைத் தாண்டினால் வரும் வெள்ளெழுத்தை இது தடுப்பதில்லை. அது உள்ளிருக்கும் வில்லையின் முதுமை. விளம்பரங்களில் இவ்வரி சிறிய எழுத்தில்தான் இருக்கும், அதுவும் வெள்ளெழுத்துக்காரர் படிக்க முடியாத அளவில்!

கூம்பும் படலத்திற்கும் ஒளியே மருந்தாகியிருப்பது வியப்பு. படலத்தில் ரிபோஃபிளேவின் என்னும் உயிர்ச்சத்தினை ஊறவிட்டு, 370 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதா ஒளியைக் காட்டினால் படலத்தின் இழைகளுக்கிடையே புதிய பிணைப்புகள் தோன்றி அது உறுதிப்படுகின்றது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான இம்முறையின் மருத்துவ முடிவுகள் 2003இல் வெளிவந்தன. 193இல் அறுக்கும் அதே புற ஊதா, 370இல் கட்டுகின்றது.

மகளுக்கு இதுவரை அதுவும் தேவைப்படவில்லை. ஆண்டுக்கொரு முறை வரைபடம் எடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு மருத்துவர் சொல்லியிருக்கின்றார். அவள் அவற்றையெல்லாம் நாள் குறித்து ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருக்கின்றாள். சென்ற நோன்புப் பெருநாளுக்குப் பின் எடுத்த படத்தையும் முதற்படத்தையும் சன்னலுக்கு நேரே ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துக் காட்டினாள். கோடுகள் விலகவில்லை.