சபராளியும் குடிமகனும்

கீழைக் கடற்கரை முஸ்லிம் ஊர்களில் ‘சபராளி’ என்றொரு சொல் வழங்குகின்றது. ‘சபர்’ என்னும் அரபுச் சொல்லுக்குப் பயணம் என்பது பொருள். பொருள் தேடிக் கடல் கடந்தவர் சபராளி. முப்பது ஆண்டுகள் அயல்நாட்டில் வாழ்ந்தாலும் ஊரார் கண்ணில் அவர் இன்னும் பயணத்திலேயே இருக்கிறார். ‘குடியுரிமை’ என்னும் சொல்லோ இதற்கு நேர்மாறானது. குடி என்பது வீடு, குடும்பம், ஊர் எனப் பல பொருளில் விரியும் பழஞ்சொல். குடிபுகுந்தவனுக்கே குடியுரிமை, வழிப்போக்கனுக்கு அஃது இல்லை. இவ்விரு சொற்களுக்கும் இடையே அகப்பட்டு இரு நாடாகப் பிரிந்த குடும்பம் எம்முடையது.

எம் பாட்டனாரும் அவர்தம் தமையனாரும் 1948ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிப் பினாங்கு சென்றவர்கள். அக்காலத்தில் இது பெரிய செய்தியன்று. மலாயாவின் குடிநுழைவுக் கட்டுப்பாடுகள் கடுமையானது 1953க்குப் பின்னரே. தமையனார் தோளில் காவடி சுமந்து ‘நாசி கண்டார்’ சோறு விற்றார். பின்பு ஒட்டுக்கடை வைத்தார். பாட்டனார் ஒரு பலசரக்குக் கடையில் கணக்குப் பிள்ளையானார்.

1957 ஆகஸ்ட் 31இல் மலாயா விடுதலை பெற்றது. அயல்நாட்டார் குடியுரிமை பெறும் வழியைப் புதிய அரசியலமைப்பு தெளிவாக வகுத்திருந்தது. விடுதலை நாளன்றும் அதற்குப் பின்னும் அம்மண்ணில் பிறந்த குழந்தைகள் பிறப்பாலேயே குடிமக்கள். (இவ்விதி 1962இல் சுருக்கப்பட்டது.) வெளிநாட்டில் பிறந்து, விடுதலை நாளன்று அங்கு வாழ்ந்துகொண்டிருந்தவர்க்குச் சில முக்கியத் தகுதிகள் வேண்டும்: முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளில் எட்டு ஆண்டுகளேனும் அங்கு வசித்திருத்தல், நன்னடத்தை, எளிய மலாய் மொழியறிவு. மொழி விதியிலும் முதலாண்டில் ஒரு சாரார்க்குத் தளர்வு இருந்தது. இவ்வளவு அகலமாகத் திறந்த கதவு பின்னர் அந்நாட்டில் திறக்கப்படவில்லை என்றே கூறலாம்.

தமையனார் அக்கதவு வழியே சென்றார். பாட்டனார் செல்லவில்லை.

“காக்கா, புள்ளைக கல்யாணம் முடிஞ்சா ஊருக்குப் போயிருவோம். நமக்கு எதுக்கு இந்த நாட்டுக் காகிதம்?” என்று பாட்டனார் சொன்னதாக எம் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

கல்வியறிவு இன்மையால் அத்தலைமுறையினர் வாய்ப்பை இழந்தனர் என்று ஊர்ப் பெரியவர்கள் சிலர் இன்றும் கூறுவதுண்டு. நாம் அதை ஏற்பதற்கில்லை. பாட்டனார் கணக்கெழுதத் தெரிந்தவர். வாடிக்கையாளரிடம் நாள்தோறும் சந்தை மலாய் பேசியவர். ஊர் வந்து தங்கிய மாதங்களைக் கழித்தாலும் அவருக்கு எட்டு ஆண்டுகள் நிறைந்திருந்தன. தடையாக நின்றவை வேறு இரண்டு.

ஒன்று, உறுதிமொழி. பிற நாடுகளின்பால் கொண்ட பற்றுரிமையை முற்றாகத் துறக்கிறேன் என்று ஆணையிட்ட பின்னரே பதிவு நிறைவுறும். 1947இல் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூவண்ணக் கொடி ஏறக் கண்ட இளைஞர் அவர். பத்தே ஆண்டு கடந்த விடுதலையை ஒரு தாளில் கையெழுத்திட்டுத் துறப்பதா என்று அவர் தயங்கியதை இன்று நாம் எளிதில் குறைகூறலாகாது.

மற்றொன்று, ஊர் வழக்கம். ஆண்கள் கப்பலேறுவர்; பெண்கள் ஊரிலிருந்து பிள்ளைகளை வளர்ப்பர். பாட்டியார் கடல் கடந்ததேயில்லை. பாட்டனாரின் உடல் பினாங்கிலும் குடி இங்குமாக இருந்தன. சட்டம் உடலிருந்த ஆண்டுகளை எண்ணியது. அவரோ குடியிருந்த இடத்தையே எண்ணினார். தமையனார் மனைவி மக்களை அழைத்துச் சென்றிருந்தார் என்பதையும் இங்கே கருதல் வேண்டும். அவருடைய முடிவு விண்ணப்பத் தாளுக்கு முன்பே முடிந்துபோன ஒன்று.

1960களில் தமையனாரிடம் நீல அடையாள அட்டையும், பாட்டனாரிடம் சிவப்பு அட்டையும் இருந்தன. ஒரே அறையில் உறங்கி எழுந்த அண்ணன் தம்பியர்க்கிடையே அட்டையின் நிறத்தைத் தவிர வேறு வேறுபாடு ஏதும் அப்போது தெரியவில்லை. குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெறவேண்டும் என்று 1968இல் சட்டம் வந்தது. 1969 மே 13 கோலாலம்பூர்க் கலவரத்துக்குப் பின் அது கண்டிப்புடன் செயற்பட்டது. சிவப்பு அட்டையுடன் அங்கு வாழ்ந்த இந்தியத் தொழிலாளர் பலர் வேலையிழந்து தாயகம் திரும்பினர். பாட்டனார் அவர்களுள் ஒருவர். அதே ‘ரஜூலா’வில், ஒரு ட்ரங்குப் பெட்டியுடன், 1970இல் நாகப்பட்டினத்தில் வந்திறங்கினார். எம் தந்தையாரின் படிப்பு அவ்வாண்டே நின்றது. ஒன்பதாம் வகுப்பு.

தமையனாரும் விலையின்றிப் பெறவில்லை. அயல்நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்பவர் இந்தியக் குடியுரிமையை இழப்பார் என்பது நமது 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு. மலேசியாவும் இரட்டைக் குடியுரிமையை ஒப்புவதில்லை. ஆகவே அவர் தாம் பிறந்த வீட்டுக்கு விசா எடுத்து வந்தார். ஒருமுறை நோயுற்று ஆறு மாதத்துக்கு மேல் தங்க நேர்ந்தபோது, அயல்நாட்டார் என்ற முறையில் பதிவு செய்யக் காவல்துறை அலுவலகத்தில் வரிசையில் நின்றார். பக்கத்தில் துணையாக நின்றவர் எம் பாட்டனார். இந்திய வம்சாவளியினர்க்கான ‘ஓ.சி.ஐ.’ அட்டை 2005இல் வந்ததால் அவர்தம் பேரர்க்கு அத்தொல்லை இல்லை. எனினும் அவ்வட்டை குடியுரிமை ஆகாது. வாக்குரிமை இல்லை; விளைநிலம் விலைக்கு வாங்கவும் இயலாது.

இன்றைய மலேசியாவில் அயல்நாட்டார்க்கு எஞ்சியிருக்கும் வழி மிகக் குறுகியது. பன்னிரண்டு ஆண்டுகளில் பத்தாண்டு வசிப்பு, போதிய மலாய் மொழியறிவு, நன்னடத்தை ஆகியவை வேண்டும். அவையனைத்தும் இருந்தாலும் தருவதும் மறுப்பதும் அரசின் விருப்பம். இதில் நம் இளைஞர் கவனிக்காத நுட்பம் ஒன்றுண்டு. தற்காலிக அனுமதிச் சீட்டில் கழித்த ஆண்டுகள் பொதுவாக அந்த வசிப்புக் கணக்கில் சேரா. உணவகத்தில் பதினைந்து ஆண்டு உழைத்தவருக்கும் சட்டத்தின் ஏட்டில் ஓராண்டுகூட இல்லாமற் போகலாம். பெண்கள் நிலையில் மட்டும் அண்மையில் ஒரு நன்மை விளைந்தது. மலேசியத் தாய்க்கு வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையும் தந்தை வழிக் குழந்தைபோலவே குடியுரிமை பெறுவதற்கான திருத்தத்தை அந்நாட்டு நாடாளுமன்றம் 2024இல் நிறைவேற்றியது.

வளைகுடா நாடுகளைப் பற்றித் தனியே எழுதத் தேவையில்லை. நாற்பதாண்டு உழைப்பும் அங்கே குடியுரிமை கோரும் உரிமையைத் தருவதில்லை. ஐக்கிய அரபு அமீரகம் 2021இல் செய்த மாற்றமும் முதலீட்டாளர், மருத்துவர், அறிவியலாளர் போன்றோரை அரசே முன்மொழிந்து தேர்வதற்கானது, நாமே விண்ணப்பிப்பதற்கன்று. அங்கு செல்பவர் தம்மைச் சபராளி என்று அறிந்தே செல்கின்றனர். அதனால் ஏமாற்றமும் குறைவு.

சென்ற பருவத்தில் கனடா செல்லவிருந்த மாணவர் ஒருவர் சான்றிதழில் ஒப்பம் பெற எம் துறைக்கு வந்தார். அந்நாட்டில் விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்தாண்டுகளில் 1,095 நாட்கள் உடலளவில் அங்கிருக்க வேண்டும் என்றும், நிரந்தர வசிப்புரிமை கிட்டுமுன் மாணவராகவோ பணியாளராகவோ கழித்த ஒவ்வொரு நாளும் அரை நாளாக, 365 நாள் வரையில், கணக்கில் சேரும் என்றும் எடுத்துரைத்தோம். “அப்படியானால் உம்மாவைப் பார்க்க ஊருக்கு வரும் நாட்கள், ஐயா?” என்று கேட்டார். அவை சேரா என்றோம். சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு கைப்பேசியை எடுத்து நாட்களைக் கூட்டத் தொடங்கினார்.