செய்யாரில் ஒரு 'டம்... டம்...'!

"ஏம்ப்பா, பொட்டிக்குள்ள என்னா?"

"சத்தம்ணே!"

காஞ்சிபுரத்தில் செய்யாறு பஸ் ஏறியதும் கண்டக்டருக்கும் எனக்கும் நடந்த உரையாடல் இது. அவர் சிரிக்கவில்லை. லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஜோக் அடிப்பதற்குக் கட்டணம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெட்டிக்குள் இருந்தது ஒரு பவர்டு சப்ஊஃபர். பாட்டில் வருகிற அடிச் சத்தத்தை மட்டும் தனியாக வாசிக்கிற ஸ்பீக்கர். அதற்கென்று சொந்தமாக ஒரு ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருப்பதால் 'பவர்டு'. ஆபீஸில் போனஸ் வந்த ஜோரில் வாங்கியது. எனக்கல்ல, செய்யாரில் இருக்கும் என் தாய்மாமாவுக்கு.

எழுத்தில் செய்யாறு, ஊர் வாயில் செய்யார். பாலாற்றில் போய்ச் சேருகிற செய்யாற்றின் கரையில் இருப்பதால் ஆற்றின் பெயரே ஊருக்கும் வந்துவிட்டது. பாலாற்றுப் பாலம் தாண்டினால் தூசி. அந்தப் பக்கம்தான் மாமண்டூர் குகைகள். 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்தவை. 'மத்தவிலாசம்' என்று ஒரு நகைச்சுவை நாடகம் எழுதிய ராஜா அவர். அந்த நாடகத்தின் பெயர் அங்கே கல்வெட்டிலேயே இருக்கிறது. ஜோக் எழுதிக் கல்லில் பதித்த ராஜாவின் வட்டாரத்தில்தான் என் ஜோக்குக்கு லக்கேஜ் சார்ஜ்!

மாமா ஆரணிப் பட்டு நெய்தவர். முப்பது வருஷம் தறிக்குழியில் கால். சாயங்காலமானால் ரேடியோ கடையில் உட்கார்ந்து ரிப்பேர் கற்றுக்கொண்டார். 1989-ல், வடஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்த அதே வருஷம், சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் ஐ.சி., டிரான்ஸ்ஃபார்மர், கன்டென்சர் எல்லாம் பொறுக்கி வந்து, தகரப் பெட்டியில் சொந்தமாக ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் கட்டினார். இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது.

"என்னைக் கட்டின தேதியைக் கேட்டா முழிப்பாரு. இதைக் கட்டின தேதியை மட்டும் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாரு!" என்பது அத்தையின் நிரந்தரக் குற்றச்சாட்டு.

இப்போது பிரச்னை வேறு. வயசாக ஆக, காது முதலில் விடுவது கீச்சுச் சத்தங்களை. மாமாவுக்கு வயலினும் குழலும் தேய்ந்துகொண்டே போயின. அவர் வால்யூமைக் கூட்டிக்கொண்டே போனார். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து கத்திவிட்டுப் போய்விட்டார். மாமா பாட்டுக் கேட்பதையே குறைத்துக்கொண்டார் என்று அத்தை போனில் சொன்னபோது அவள் குரலில் கிண்டல் இல்லை. அதனால்தான் இந்த யாத்திரை.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஸ்குரூ டிரைவரைத் தேடினேன். "முதல்ல கோயிலுக்குப் போய்ட்டு வாடா. அப்புறம் கோணி ஊசி, கத்தியெல்லாம் எடுக்கலாம்" என்று துரத்தினார் மாமா.

வேதபுரீஸ்வரர் கோயில். தலத்தின் பழைய பெயர் திருவோத்தூர். 'ஓத்து' என்றால் வேதம். சிவன் தேவர்களுக்கு வேதம் ஓதிய இடமாம். ஞானசம்பந்தர் பதிகம் பாட, காய்க்காத ஆண் பனைகள் எல்லாம் குலை குலையாகக் காய்த்தன என்கிறது தலபுராணம். பாட்டுக்குப் பனை காய்த்த ஊர் சார் இது! எங்கள் மாமா பாட்டுப் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர்தான் காய்ச்சுகிறார்.

திரும்பி வந்து வேலையை ஆரம்பித்தேன். சப்ஊஃபரின் முதுகில் இரண்டு விதமான வழிகள். ஒன்று, சின்ன சிக்னல் வாங்குகிற ஆர்.சி.ஏ. சாக்கெட் இரண்டு. இன்னொன்று, ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் ஒயரையே கொண்டு வந்து செருகுகிற சிவப்பு, கறுப்பு முனைகள். மாமாவின் தகரப் பெட்டியில் 'சப் அவுட்' என்று எதுவும் கிடையாது. 1989-ல் அதற்கு யார் ஓட்டை போட்டார்கள்?

"ஈஸி மாமா! ஸ்பீக்கர் ஒயரையே இழுத்துக் கொடுத்துடலாம். சிவப்புக்கு சிவப்பு, கறுப்புக்கு கறுப்பு" என்று ஒயரைச் சீவ ஆரம்பித்தேன்.

மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார். "டேய் மாப்ளே... கறுப்பு ஒயர்னா கிரவுண்டுன்னு உனக்கு யார்றா சொன்னது?"

"எல்லாரும்..."

"மீட்டரை வை."

ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பெட்டியின் தகரத்திலும் இன்னொன்றை ஸ்பீக்கரின் கறுப்பு முனையிலும் வைத்தேன். பூஜ்யம் வரவேண்டிய இடத்தில் ஏறக்குறைய 6 வோல்ட்! எனக்கு வேர்த்துவிட்டது.

விஷயம் இதுதான். மாமா போட்டிருப்பது எல்.ஏ.4440 என்ற ஐ.சி. சான்யோ தயாரிப்பு. 12 வோல்ட்டில் ஓடும். ஒரே ஐ.சி.க்குள் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள். தனித்தனியே எடுத்தால் ஆளுக்கு 6 வாட். இரண்டையும் ஒரே ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் கட்டி, ஒன்று தள்ள, இன்னொன்று இழுக்க வைத்தால் 19 வாட். இதற்கு 'பிரிட்ஜ்' என்று பெயர். மாமா இடதுக்கு ஒரு ஐ.சி., வலதுக்கு ஒரு ஐ.சி. என்று பிரிட்ஜில் போட்டிருக்கிறார். இப்படிப்பட்ட செட்டில் சிவப்பும் உயிரோடு இருக்கும், கறுப்பும் உயிரோடு இருக்கும். பல சப்ஊஃபர்களில் இடது, வலது கறுப்பு இரண்டும் உள்ளே ஒன்றாய்ச் சேர்ந்து கிரவுண்டில் உட்கார்ந்திருக்கும். நான் மட்டும் அன்றைக்கு 'கறுப்புக்கு கறுப்பு' கொடுத்திருந்தால், இத்தனை வருஷம் பாடிய ஐ.சி. ஒரு நொடியில் புகையாகப் போயிருக்கும். மாமா முகத்தில் நான் எப்படி விழிப்பது?

"அப்ப எங்கேர்ந்து எடுக்கறது மாமா?"

"வால்யூம் கன்ட்ரோலோட நடுக்கால்லேர்ந்து. அதுக்கு முன்னால எடுத்தா, நீ வால்யூமைக் குறைச்சாலும் உன் பொட்டி பாட்டுக்குக் குதிச்சிக்கிட்டே இருக்கும். பின்னால எடுத்தா ரெண்டும் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். புருஷன் பொண்டாட்டி மாதிரி."

"எந்த ஊர்ல?" என்று அடுப்படியிலிருந்து அத்தை குரல்.

பிளக்கைப் பிடுங்கி, கன்டென்சர் அடங்கும்வரை காத்திருந்து, மூடியைக் கழற்றினோம். இடது நடுக்காலிலிருந்து ஒன்று, வலது நடுக்காலிலிருந்து ஒன்று. தலா ஒரு 1 கே ரெசிஸ்டர் வைத்து, ஷீல்டு ஒயரில் பின்பக்கம் இரண்டு புது சாக்கெட்டுகளுக்கு இழுத்தோம். ஈயம் பற்றவைத்தது மாமாதான். கை நடுங்குகிறது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொள்பவர், சால்டரிங் அயர்னைப் பிடித்ததும் நடுக்கம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. (உங்கள் சப்ஊஃபரில் ஒரே சாக்கெட்தான் என்றால், இடதையும் வலதையும் நேராக முறுக்கிவிடாதீர்கள். ஸ்டீரியோ செத்துவிடும். ஆளுக்கு ஒரு 10 கே ரெசிஸ்டர் போட்டு அப்புறம் சேருங்கள்.)

ஸ்விட்ச் போட்டோம். "ம்ம்ம்ம்ம்..." பாட்டுப் போடுவதற்கு முன்பே ஒரு ஹம்மிங். ஆம்ப்ளிஃபயர் ஒரு சுவரில், சப்ஊஃபர் எதிர்ச் சுவரில். இரண்டின் எர்த்தும் ஊரைச் சுற்றி வந்து சந்தித்தால், கரன்ட்டின் 50 ஹெர்ட்ஸ் முனகல் நடுவில் புகுந்துகொள்ளும். இதற்காக மூன்றாவது பின்னை உடைத்துப் போடும் வீரர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், அது உயிரைக் காக்கிற பின். இரண்டு பிளக்கையும் ஒரே போர்டுக்கு மாற்றினோம். முனகல் அடங்கியது.

எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்றை என் செல்போனிலிருந்து போட்டேன். சப்ஊஃபரின் கிராஸ்ஓவர் குமிழை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். பேஸ் கிடாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். மாமாவின் ஆறு இன்ச் ஸ்பீக்கர்களுக்கு அந்த ஆழம் எட்டாது. ஆக, இத்தனை வருஷமாக ஆயிரம் தடவை கேட்ட அதே பாட்டில் ஒரு ஆள் வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறார், மாமா அவரைச் சந்தித்ததே இல்லை!

டம்... டம்... டடம்...

மாமா எதுவும் பேசவில்லை. முன்பு தறி இருந்த இடம் அது. குழியை மூடி சிமென்ட் பூசிவிட்டார்கள். அங்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். வலது கால் தானாக மிதித்துக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் சொன்னார்:

"தறியில உக்காந்திருக்கும்போது பாட்டு காதால வராதுடா மாப்ளே. மிதி சத்தத்துல என்னா கேக்கும்? கால் வழியாத்தான் வரும். இன்னிக்கு மறுபடியும் கால் வழியா வருது."

அன்று ராத்திரி வால்யூம் குமிழ் பாதிக்கு மேல் ஏறவில்லை. தேவைப்படவில்லை. அடிச் சத்தம் உடம்புக்கே கேட்கும்போது காதுக்கு எதற்கு அத்தனை வேலை?

மறுநாள் கிளம்பும்போது, பெரிய மனுஷத்தனமாகச் சொல்ல வாயெடுத்தேன். "மாமா, அடுத்த போனஸ்ல அந்தத் தகரப் பொட்டியைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா..."

அத்தை குறுக்கே வந்தாள். "அதைத் தொட்டே, அவரு உன்னைத் தூக்கி வெளிய போட்டுடுவாரு!"

திரும்பும் பஸ்ஸில் அதே கண்டக்டர். வெறுங்கையோடு ஏறிய என்னைப் பார்த்துக் கேட்டார்: "எங்கப்பா சத்தம்?"

"ஊர்ல விட்டுட்டு வந்துட்டேண்ணே!"

இந்தத் தடவை சிரித்தார். சார்ஜ் இல்லை.