ஸ்டுட்கார்ட்டிலிருந்து: 911 சொந்தமா, லீஸா?

ஸ்டுட்கார்ட்,
அக்டோபர்

அன்புள்ள சேகர்,

உன் தம்பி ரவியைப் பார்த்தேன். உடம்பு தேறி, முகம் தெளிந்து நன்றாக இருக்கிறான், அம்மாவிடம் சொல். போர்ஷே 911 எடுக்கப்போவதாக அவன் போனில் சொன்னது வெறும் பேச்சு இல்லை. லீஸ் ஒப்பந்தம் மேஜைமேல் தயாராக இருக்கிறது, கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. "வாங்கினால்தானே கடன், இது வாடகை மாதிரிதான் அண்ணா" என்கிறான். நீ பதற வேண்டாம். ஆனால் அவன் விவரம் தெரிந்து செய்ய வேண்டும். அதனால் இங்கே பார்த்ததையும் விசாரித்ததையும் எழுதுகிறேன்.

அந்த வண்டி பிறக்கும் இடத்துக்கே என்னைக் கூட்டிப்போனான். நகர நடுவிலிருந்து எஸ்6 ரயிலில் போய், ட்சூஃபன்ஹவுசன் வட்டாரத்தில் போர்ஷேயின் பெயரையே தாங்கிய நிலையத்தில் இறங்கினால் தொழிற்சாலையும் 2009-இல் திறந்த அருங்காட்சியகமும் எதிரும் புதிருமாக நிற்கின்றன. 1963-இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் இந்த வண்டியை 901 என்றுதான் காட்டினார்கள். நடுவில் சைபர் வைத்த எண் பெயர்கள் தங்களுக்கே உரியவை என்று பெஜோ நிறுவனம் ஆட்சேபித்ததால் 911 ஆனது. எஞ்சின் பின்னால், ஸ்டார்ட் செய்யும் இடம் ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம், பின்னோக்கிச் சரியும் கூரை. அறுபது வருடங்களாக இந்த அடையாளங்களை அவர்கள் விடவில்லை. இதுவரை தயாரித்த வண்டிகளில் ஏறத்தாழ 70 சதவீதம் இன்னும் ஓடும் நிலையில் இருப்பதாக நிறுவனம் சொல்கிறது. எனக்கு அதை நம்பத் தோன்றுகிறது, ஏனென்றால் 1980-களின் 911-கள் இந்த ஊர்த் தெருக்களில் சாதாரணமாகப் போகின்றன. இத்தனை காலம் உழைக்கும் வண்டியை மூன்று வருடத்தில் திருப்பிக் கொடுப்பதென்றால் அதற்கு வலுவான காரணம் வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அங்கேயே வந்துவிட்டது.

அந்தக் காரணம் சிலருக்கு உண்டு. அதைச் சொல்வதற்கு முன் கணக்கைப் பார். புது 911-இன் விலை 1,30,000 யூரோ என்று வைத்துக்கொள். மூன்று வருடம் கழித்து 80,000 பெறும் என்று லீஸ் நிறுவனம் மதிப்பிட்டால், இடையில் தேய்கிற 50,000 யூரோவை 36 மாதத்துக்குப் பிரித்து மாதம் சுமார் 1,390 நம்மிடம் வாங்கும். அதற்குமேல் வட்டி. வண்டியில் முடங்கிக் கிடக்கும் அவர்கள் பணம் சராசரியாக 1,05,000. ஆண்டுக்கு 6 சதவீதம் என்றால் மாதம் 525. ஆகத் தவணை 1,900-ஐத் தாண்டும். மூன்று வருடத்தில் ஏறக்குறைய 69,000 யூரோ கட்டியபின் கையில் மிஞ்சுவது சாவியைத் திருப்பிக் கொடுத்ததற்கான ரசீது மட்டும். சொந்தமாக வாங்கினாலும் அந்த 50,000 தேய்மானம் நம்முடையதுதான், வட்டியும் உண்டு. முதல் மூன்று வருடத்தை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் நான்காவது வருடத்திலிருந்து தெரிகிறது. வாங்கியவனுக்குத் தேய்மானத்தின் வேகம் குறைகிறது. லீஸ்காரனோ மறுபடி புது வண்டி எடுத்து, அதே செங்குத்தான முதல் மூன்று வருடத்துக்கே மறுபடி பணம் கட்டுகிறான்.

பிறகு ஏன் இத்தனை பேர் லீஸ் எடுக்கிறார்கள்? ஜெர்மனியில் பதிவாகும் புதுக் கார்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிறுவனங்களின் பெயரில்தான் பதிவாகிறது. ரவியின் பக்கத்து வீட்டுக்காரர் சின்னதாக ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனம் நடத்துகிறார், அவரிடம் லீஸ் 911 இருக்கிறது. தவணை அவருடைய கம்பெனிச் செலவு. வண்டியைச் சொந்த வேலைக்கும் ஓட்டுவதால் மாதாமாதம் வண்டியின் பட்டியல் விலையில் 1 சதவீதமும், வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் உள்ள தூரத்தில் கிலோமீட்டருக்கு 0.03 சதவீதமும் அவர் வருமானத்தோடு கூட்டப்படும். 1,30,000 யூரோ வண்டி, 20 கி.மீ. தூரம் என்றால் மாதம் 2,080 யூரோ வருமானம் கூடியதாகக் கணக்கு. 42 சதவீத வரியில் அவர் கையிலிருந்து போவது 874 யூரோ. அவருக்கு அது நியாயமான பேரம். ரவி சம்பளக்காரன்; வரி கட்டியபின் மிஞ்சும் பணத்திலிருந்து முழுத் தவணையையும் கட்டப்போகிறவன். அவரைப் பார்த்து இவன் லீஸ் எடுப்பதில் அர்த்தம் இல்லை, இதை அவனிடமே சொன்னேன்.

அந்த மனிதர் நல்லவர். ஒருநாள் என்னை ஏ81 சாலையில் கான்ஸ்டன்ஸ் ஏரிப் பக்கமாகக் கூட்டிப்போனார். வேகவரம்புப் பலகைகள் முடிந்த இடத்தில் 911 சீறிய விதத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. 200-ஐத் தாண்டியும் வண்டி தரையோடு ஒட்டி, கைக்கு அடங்கிப் போகிறது. ரவிக்கு ஏன் இந்த ஆசை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. திரும்பும்போது அவர் சொன்னதுதான் மனத்தில் நின்றது. ஒப்பந்தப்படி வருடத்துக்கு 10,000 கி.மீ.தான், கூடுதலாக ஓட்டினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். அதனால் தூரப் பயணங்களுக்கு ரயிலில் போகிறாராம். ஓட்டும் சுகத்துக்காகவே எடுத்த வண்டியை ஓட்டாமல் மிச்சம் பிடிப்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

வாடகை மாதிரி என்று ரவி சொன்னது சரியில்லை. வாடகை வீட்டை முன்கூட்டி அறிவித்துவிட்டுக் காலி செய்யலாம்; லீஸ் ஒப்பந்தத்தைப் பொதுவாக இடையில் முறிக்க முடியாது. வேலை போனாலும், ஊருக்கே திரும்ப நேர்ந்தாலும் 36 மாதத் தவணையும் அவன் தலைமேல்தான். நிறுவனம் சம்மதித்தால் வேறொருவருக்கு மாற்றலாம். அதற்கு ஆள் கிடைக்க வேண்டும். விசாவை நம்பி வாழ்கிற ஒருவனுக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து என்று நினைக்கிறேன். வண்டிக்கு முழுக் காப்பீடு கட்டாயம். இங்கே விபத்தில்லாமல் ஓட்டிய வருடங்களை வைத்துத்தான் பிரீமியம் குறையும் என்பதால் புதிதாக வந்தவர்களுக்கு அது அதிகம். வண்டி மொத்தமாக நொறுங்கினால் காப்பீட்டு நிறுவனம் தருவது அன்றைய சந்தை விலை. லீஸ் பாக்கி அதைவிட அதிகமாக இருந்தால் இடைவெளியை நாம் நிரப்ப வேண்டும், அதற்கும் தனிக் காப்பீடு. கடைசியில் வண்டியைத் திருப்பும்போது ஒரு மதிப்பீட்டாளர் சக்கர விளிம்பின் உரசல்வரை பார்த்துக் குறிப்பெடுப்பார்.

லீஸ் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். போர்ஷேயின் மின்சாரக் கார் டைகனின் மறுவிற்பனை விலை சில வருடங்களில் பயங்கரமாக விழுந்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் அந்த இழப்பைத் தாங்களே சுமந்தார்கள். கிலோமீட்டர் கணக்கில் லீஸ் எடுத்தவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தார்கள். விலை விழுந்தது லீஸ் நிறுவனத்தின் தலைவலி. ஆனால் இங்கே மீதமதிப்பு ஒப்பந்தம் என்று இன்னொரு வகையும் இருக்கிறது. அதில் தவணை குறைவாகத் தெரியும். கடைசியில் வண்டி முன்பு சொன்ன மதிப்புக்குப் போகாவிட்டால் குறைகிற தொகையை எடுத்தவன் கட்ட வேண்டும். இந்த இரண்டில் எது என்று தெரியாமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. ரவியின் மேஜையில் இருந்தது இரண்டாவது வகை.

அடுத்து பேப்லிங்கன் போனோம். பழைய விமான நிலையத்தின் கட்டடங்களில் மோட்டார்வேர்ல்டு என்று ஓர் இடம். சொந்தக்காரர்கள் தங்கள் கார்களை மாத வாடகைக்குக் கண்ணாடி அறைகளில் நிறுத்தியிருக்கிறார்கள், போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கலாம். இவற்றில் பல கார்களுக்குப் பருவகால நம்பர் பிளேட். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை என்று பதிந்தால் அந்த மாதங்களுக்கு மட்டும் வரியும் காப்பீடும். உப்புத் தூவிய பனிக்காலச் சாலைகளில் வண்டி துருப்பிடிப்பதும் இல்லை. சொந்த வண்டிக்கு இந்தச் சிக்கனம் உண்டு. லீஸ் தவணையோ பனியிலும் பன்னிரண்டு மாதமும் ஓடும்.

இன்னொரு செய்தி உனக்குப் பிடிக்கும். 911-இன் அறுபதாம் ஆண்டுக்காக 2023-இல் எஸ்/டி என்ற வண்டியை அறிவித்தார்கள், மொத்தம் 1,963 மட்டும். வாங்கிய மறுநாளே லாபத்துக்கு விற்பவர்களைத் தடுக்க, அமெரிக்காவில் முதல் ஓராண்டு லீஸாகத்தான் கொடுத்தார்கள்; அதற்குப் பிறகே சொந்தமாக்கிக்கொள்ள முடியும். வண்டியை நேசித்து ஓட்டுபவன் கையில் அது சேர வேண்டும் என்று லீஸைப் பயன்படுத்திய அந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன்.

என் முடிவு இது. ரவி புது 911-ஐ லீஸும் எடுக்க வேண்டாம், வாங்கவும் வேண்டாம். லீஸ் முடிந்து திரும்பி வரும் மூன்று நான்கு வருட வண்டிகளை நிறுவனமே 111 அம்சங்களில் சோதித்து உத்தரவாதத்தோடு விற்கிறது. செங்குத்தான தேய்மானத்தை முதலில் ஓட்டியவர் கட்டிவிட்டார். இன்னும் இரண்டு வருடம் சேர்த்து, பாதிக்குமேல் ரொக்கம் போட்டு அப்படி ஒன்றை வாங்கினால், ஊர் திரும்ப நேர்ந்தால் விற்றுவிட்டு வரலாம். அதுவரை கிலோமீட்டரை எண்ணாமல் ஏரிவரை ஓட்டலாம்.

ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூப்பிடு. ஆசையைக் குறை சொல்லாதே, அது நல்ல ஆசை. அந்தக் காகிதத்தில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல். நான் சொன்னதைவிட அண்ணன் சொன்னால் கேட்பான்.

அன்புடன்,
முரளி